தட்டுக்கு அடியில் விரித்த சேலைத்துண்டு

பாப்பா அம்மாவுக்கு,

நீயும் பாப்பாவும் சுகந்தானே? அம்மாவுக்கு முட்டிவலி குறைஞ்சுதா? நான் நல்லாத்தான் இருக்கேன்.

ஹோட்டல்ல சின்ன விஷயம் ஒண்ணு, பயப்படாதே. உன் பழைய சேலையில கிழிச்சுக் கொடுத்தியே, அந்தத் துண்டை நம்ம வீட்டு வழக்கப்படி, கழுவின தட்டுகளுக்கு அடியில விரிச்சிருந்தேன். ஈரத்துலயே கிடந்து அடியெல்லாம் பாசி, ஒரே நாத்தம். சூப்பர்வைசர் தூக்கிப் பார்த்துட்டு, “இன்னொரு தடவை துணியைப் பார்த்தேன், ஊருக்குப் பெட்டியைக் கட்டிட வேண்டியதுதான்”னு குப்பையில போட்டுட்டார். அவர் சொன்னதும் நியாயம்தான். இப்போ தட்டெல்லாம் கம்பி ஸ்டாண்டுல காத்துலயே காயுது. அடியில தேங்குற தண்ணியை உடனுக்குடன் வழிச்சு, தேய்ச்சுக் கழுவிடறேன்.

துண்டை எடுக்கப் போனேன். அதுக்குள்ள குப்பை வண்டி அள்ளிட்டுப் போயிடுச்சு.

யாராவது இங்க கிளம்பி வந்தா உன் சேலையில இன்னொரு துண்டு கொடுத்துவிடு. சமையல்கட்டுக்கு இல்ல, என் தலகாணிக்கு. கூப்பிடறாங்க, வர்றேன். மறந்துடாதே, துவைக்காம கொடுத்துவிடு.

பாப்பா அப்பா