எட்டாமல் போன பம்ப்

ஆபீசில் என் விடுமுறையைப் பறித்துவிட்டார்கள், உன் கண் ஆபரேஷனுக்கு நான் வர முடியாது. மற்றபடி நான் நலம். உனக்குத் தலைசுற்றல் குறைந்ததா?

மலைமேல் இருக்கும் பம்பை இங்கிருந்து ரேடியோ மூலம்தான் இயக்குகிறோம். சேனல் மாற்றினால் முதலில் பம்பிலிருக்கும் ரேடியோவை இங்கிருந்தே மாற்றிவிட்டு, பிறகுதான் இங்கிருப்பதைத் தொட வேண்டும். என் கூட்டாளி இங்கிருப்பதை முதலில் மாற்றிவிட்டு ஊருக்குப் பஸ் ஏறிவிட்டான். இரண்டும் வேறு வேறு சேனலில் நிற்பதால், இனி இங்கிருந்து சொல்வது பம்புக்கு எட்டாது. ஆள் மலையேறிப் போய்த்தான் மாற்ற வேண்டும். இருப்பது நான் ஒருவன்தான்.

போனில், "அண்ணே, அவசரத்துல மாறிப்போச்சு" என்றான்.

"ஊருக்குப் போற வழி மட்டும் மாறலையே?" என்றேன்.

மகள் உன்னோடு ஆஸ்பத்திரியில் தங்கட்டும். மருமகன் வேளை தவறாமல் சொட்டு மருந்து விடட்டும். நீ அடுப்படிக்குப் போகக்கூடாது. கட்டுப் பிரிக்கும்போது என் தம்பி உன் எதிரில் நிற்க வேண்டாம். அவனுக்கு என் ஜாடை; நான்தான் வந்துவிட்டேன் என்று ஏமாந்துபோவாய்.