கயிறு பிடிக்கிற பெண்

அத்தைக்கு, பூவிழி சென்னையிலிருந்து கும்பிட்டு எழுதுகிறேன். முட்டிவலி தேவலையா? போனில் பேசினால் உங்களுக்குக் காது கேட்கவில்லை. அதனால் எழுதுகிறேன். சின்ன மருமகள் மேகலா படித்துக் காட்டுவாள்.

நான் வேலை செய்யும் வீட்டுப் பெண் தியாவுக்குச் சுவர் ஏறும் ஜிம்மில் சேர ஆசை. கூட்டிப் போகப்போவது நான்தான் என்று, இடம் பார்க்க என்னையும் அழைத்துப் போனார்கள். உங்கள் மூத்த பிள்ளை தென்னையிலிருந்து விழுந்து, என்னைத் தனியாக்கிவிட்டுப் போய் இன்னும் வருஷம் திரும்பவில்லை. உயரம் என்றாலே எனக்கு அந்த மரம்தான் கண்ணில் நிற்கிறது.

முதல் ஜிம்மில் கயிறு கிடையாது, கீழே மெத்தைதான். பிள்ளைகள் விழுவதைப் பார்க்க முடியவில்லை. அடுத்ததில் சுவர் தென்னை உயரம். ஆனால் ஏறுகிறவர் இடுப்பில் கயிறு கட்டி, அதை உச்சியில் ஒரு வளையத்தில் கோத்து, மறுமுனையைக் கீழே ஒரு பெண் பிடித்திருக்கிறாள். யார் பேச்சுக் கொடுத்தாலும் மேலே பார்த்த கண்ணை எடுக்கவில்லை. என்ன பெண் அத்தை அவள்! இங்கேயே சேர்க்கலாம் என்றேன்.

“நீங்களும் ஏறுங்கக்கா” என்றாள் அந்தக் கயிற்றுப் பெண்.

“இந்த வயசுல எனக்கெதுக்கும்மா கொரங்கு வேல?”

விடவில்லை. ஆள் உயரம் ஏறியதுமே சுவரைக் கட்டிக்கொண்டேன்.

“கைய விடுங்கக்கா, நான் புடிச்சிருக்கேன்ல!”

விட்டேன். விழவில்லை அத்தை. அந்தரத்திலேயே அழுதுவிட்டேன். காயம் ஒன்றுமில்லை, பயப்படாதீர்கள்.

உங்கள் சின்னப் பிள்ளை தமிழரசன் தம்பி இன்னும் தேங்காய் பறிக்க ஏறுகிறதாக மேகலா சொன்னாள். மரத்தோடு இடுப்பைச் சேர்த்துக் கட்டும் பெல்ட் வாங்கி அனுப்புகிறேன். வரும்வரை ஏற விடாதீர்கள். கட்டிக்கொண்டுதான் ஏறினான் என்று உங்கள் வாயாலேயே சொல்லுங்கள், அதை மேகலா போனில் பதிந்து அனுப்பட்டும். என்னைத் திட்டுவதானாலும் அதிலேயே திட்டுங்கள். திரும்பத் திரும்பக் கேட்டுக்கொள்வேன்.

தியா கூப்பிடுகிறாள்.

பூவிழி