ஆறாயிரம் என்றே படித்தோம்

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் நலம். உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? அப்பா மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறாரா?

போன வாரம் நானும் கேப்டனும் ஓட்டிய விமானத்தில் சின்ன விஷயம் ஒன்று நடந்தது. பயப்படாதே, பத்திரமாகத் தரையிறங்கினோம். ஆறாயிரம் அடிக்கு இறங்கச் சொல்லி உத்தரவு வந்தது. கேப்டன் குமிழைத் திருகி அந்த உயரத்தை வைத்தார். வழக்கப்படி இருவரும் அதை விரலால் சுட்டி, "ஆறாயிரம்" என்று வாய்விட்டுப் படித்தோம். வைத்த உயரத்துக்கு விமானத்தை இறக்குவது தானியங்கியின் வேலை. அது நல்ல பிள்ளை. என்னைப்போல் எதிர்த்துப் பேசாது.

மேகம் விலகியதும் கீழே மலைமேல், கொடியில் காயும் துணி தெரிந்தது. நீலம் என்று சொல்லுமளவுக்குக் கிட்டே. உடனே மேலே ஏற்றினோம்.

"தம்பி, நீ என்ன படிச்ச?"

"ஆறாயிரம் சார்."

"நானும் அதைத்தான் படிச்சேன். அங்க ஐயாயிரம்ல இருக்கு."

இயந்திரத்தில் பழுதில்லை. எதிர்பார்த்ததைப் படித்திருக்கிறோம், அவ்வளவுதான். கண்ணை மூடினாலும் அந்த நீலம் போகவில்லை. இப்போதெல்லாம் அறைக் கதவைப் பூட்டி, "பூட்டியாச்சு" என்று சொல்லிவிட்டு, படியிறங்கியவன் திரும்பப் போய் இழுத்துப் பார்க்கிறேன். நான் சொல்வதைக் கேட்க அங்கே யாருமில்லை.

ஒன்று செய். போனில் நீ "சாப்பிட்டியா" என்று கேட்டு முடிப்பதற்குள் "சாப்பிட்டேன்" என்கிறேன். கால் வலியைக் கேட்டால் நீயும் அப்படித்தான், "பரவாயில்ல" என்கிறாய். இனி எழுந்து நாலடி நடந்து பார்த்துவிட்டுச் சொல். நானும் தட்டைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.

வண்டி வந்துவிட்டது.

உன் மகன்