உபயம்

14-8-1962, செவ்வாய்.

பட்டாசு மருந்துத் தூசியால் இருமல் வருவதில்லை என்று கல்லூரி ஆய்விதழுக்குக் கட்டுரை எழுதியிருக்கிறேன். ஆராய்ச்சிக் கருவிகளை வாங்கித் தந்தவர் பட்டாசுக் கம்பெனி முதலாளி. படிப்பவர்களுக்குத் தெரியட்டும் என்று கட்டுரையின் அடியில் அதையும் ஒரு வரியாகச் சேர்த்திருந்தேன்.

இன்று அச்சகத்தில் புரூப் பார்த்த முதலாளிக்கு ஒரே மகிழ்ச்சி. "கோயில் மணியில உபயம்னு போடுற மாதிரி, எம் பேரைப் பெரிசாப் போடுங்க சார்" என்றார்.

"இது உபயம் இல்ல, அண்ணாச்சி. உங்க காசுல நடந்த ஆராய்ச்சின்னு தெரிஞ்சா, படிக்கிறவுக ஒரு தடவைக்கு ரெண்டு தடவை யோசிப்பாக" என்றேன்.

அவர் முகம் சுருங்கிவிட்டது. "அப்ப யாரும் நம்ப மாட்டாகளா?"

புரூப்பை மடித்துப் பைக்குள் வைத்தேன். நல்லவேளை, "நீங்க நம்புறீகளா?" என்று அவர் கேட்கவில்லை.