நானே போட்ட விதை

மார்ச் 4, 2011

மழை இறங்கிவிட்டது. என் புருஷன் ஓமோல்லோவைப் புதைத்து நான்கு மாதம். மாமியார் இன்று மறுபடி ஆரம்பித்தாள்: "கொழுந்தன் ஓகுத்து உன்னை ஏத்துக்காம நீ விதை போடக் கூடாது. மூத்த மகன் வீடு, நீ போடாம இந்த வளவுல யாருமே போட முடியாது, தெரியும்ல?"

செத்தவன் தம்பியோடு படுத்தால்தான் விதவையின் கை மண்ணில் படலாமாம். மீறினால் சீரா. உடம்பு உருகிச் சாகும் சாபம். என் புருஷனும் சீராவில்தான் செத்தானாம்!

மார்ச் 6

ஓகுத்துவிடம் நேராகவே சொன்னேன். "உங்க அண்ணனைக் கொன்னது எச்.ஐ.வி. எனக்கும் இருக்கு."

சிரித்தான். "கன்னம் பளபளன்னு இருக்கு, உனக்கா நோய்? என்னை விரட்ட வேற கதை சொல்லு அண்ணி."

கன்னத்தைப் பார்த்து என்ன தெரியும்? நர்ஸ் பெனினா சொன்னாளே, உடம்பைக் காக்கிற அணுக்களுக்குள்ளேயே அது புகுந்து, அவற்றை வைத்தே பெருகுகிறது. எட்டுப் பத்து வருடம் வெளியே ஒன்றும் தெரியாது. ஓமோல்லோவும் அப்படித்தானே ஏரிக்குப் போய் வலை இழுத்தான்.

மார்ச் 9

அக்கோத்துக்கு ரத்தம் பார்த்தார்கள். இரண்டு வருடம் என் பால் குடித்த பிள்ளை. இல்லை. இல்லை. என் மகளுக்கு இல்லவே இல்லை!

மார்ச் 12

போட்டுவிட்டேன். ஐந்து வரிசை, நானே. மாமியார் வாயிலும் வயிற்றிலும் அடித்துக்கொண்டு அழுதாள். ஓகுத்து வேலிக்கு அந்தப் பக்கம் நின்று கத்தினான்: "இந்தச் சோளத்தைத் தின்னவன் உருப்பட மாட்டான்!"

"அப்ப நீ தின்னாதே, போ!"

பயந்துகொண்டேதான் போட்டேன், பொய் சொல்ல மாட்டேன். ஆனால் சாபத்தை எந்த ஆஸ்பத்திரியில் எண்ணுகிறார்கள்? என் காவல் அணுக்களை எண்ணினார்கள் — 212. நல்ல உடம்பில் ஐந்நூறுக்கு மேல் இருக்குமாம். எண்ண முடிகிற எதிரியோடு நான் மோதிக்கொள்கிறேன்.

மார்ச் 15

மாத்திரை ஆரம்பம். தலை கிறுகிறுவென்று சுற்றுகிறது. சுத்தட்டும். நான் விட மாட்டேன்.

ஏப்ரல் 20

ஓகுத்து மூன்று வருடம் முன்பு ஏற்றுக்கொண்ட விதவை அவோகோ படுத்த படுக்கை. எலும்பாகிவிட்டாள். அவளுக்கும் சீராவாம். எத்தனை பேருக்குத்தான் ஒரே சாபம்? அவனிடம் போய், "நீயும் ரத்தம் பாரு, அவளையும் கூட்டிட்டுப் போ" என்றேன். துப்பிவிட்டுப் போனான்.

பாவி. அவனுக்கு இரண்டு சின்னப் பிள்ளைகள்.

ஜூலை 21

மருந்து வாங்கும் நாள். என் எண்ணிக்கை 340! பெனினா கையைக் குலுக்கினாள்.

பெஞ்சின் கடைசியில் தொப்பியை மூக்குவரை இழுத்துக்கொண்டு ஒருவன். நடையிலேயே தெரியாதா எனக்கு, ஓகுத்து. நாக்கு நுனிவரை ஒரு பேச்சு வந்தது. விழுங்கிவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

தொப்பியைக் கழற்றி மடியில் வைத்தான். "அவோகோவையும் கூட்டிட்டு வந்திருக்கேன், உள்ள பாக்குறாங்க." அப்புறம் மெல்ல, "முதல் வாரம் தலை சுத்துமா அண்ணி?"

"சுத்தும். படுக்கப் போறப்ப போடு. ஒரு நாளும் விட்டுடாதே."

பையிலிருந்து சுட்ட சோளத்தை எடுத்து இரண்டாக ஒடித்து நீட்டினேன். எந்த வயல் என்று அவன் கேட்கவில்லை. ஒரு மணி விடாமல் தின்றான்.