லைனிங் போட்ட காற்றுப் பை

என் அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுவது. எங்கள் இருவருக்கும் உடம்பில் ஒரு குறையும் இல்லை, உனக்கும் அப்படியே இருக்க வேண்டும். நீ அனுப்பிய படத்தில் கன்னம் ஒட்டிப்போயிருக்கிறது, வேலை வேலை என்று பட்டினி கிடக்காதே. போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போனை எடுத்தால் உன் அப்பா பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்கிறார். எனக்கு ஒரு விஷயத்தில் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. அதை அவர் காதில் விழாமல் உன்னிடம் சொல்ல வேண்டும்.

உன் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கினாரே பல் டாக்டர், நீகூட அவர் விரலைக் கடித்துவைத்தாயே, அவர் அறுபது வயதுக்கு மேல் விமானம் ஓட்டக் கற்றுக்கொண்டது உனக்குத் தெரியும். அப்பா காவல் பார்க்கும் விமானத் திடலில் ஞாயிறு தவறாமல் ஒரு குட்டி விமானத்தை வாடகைக்கு எடுத்துத் தனியாகப் பறப்பார். போன ஞாயிறு மாலை இறங்கும்போது விபத்து ஆகிவிட்டது. பயப்படாதே, உயிருக்கு ஒன்றுமில்லை. முதல் தடவை இறங்கப் பார்த்துச் சரிப்படாமல் மேலே ஏறி, ஒரு சுற்றுச் சுற்றி மறுபடி வந்திருக்கிறார். சக்கரம் தரையைத் தொடும்போதே பாதி ஓடுதளம் முடிந்துவிட்டதாம். பிரேக் பிடித்தும் நிற்காமல் வேலியைப் பிய்த்துக்கொண்டு போய் வாய்க்காலில் மூக்கைக் குத்தி நின்றது. அப்பாதான் ஓடிப்போய்க் கதவை நெம்பி அவரை வெளியே இழுத்துப் போட்டார். வலது மணிக்கட்டு நொறுங்கிவிட்டது, நெற்றியில் ஏழு தையல். போட்டவன் கோணல்மாணலாகப் போட்டிருக்கிறான், என்னைக் கூப்பிட்டிருக்கலாம். அப்பா அன்று சட்டையெல்லாம் பெட்ரோல் வாடையோடு, செருப்பைக்கூடக் கழற்றாமல் சமையலறை வரைக்கும் வந்து நின்றார்.

இதில் நான் எங்கே வந்தேன் என்று கேட்பாய். அந்தத் திடலில் ரேடியோவில் வழி சொல்ல ஆள் கிடையாது. கம்பத்தில் ஆரஞ்சு நிறத்தில் நீளமாக ஒரு துணிப் பை தொங்கும், பார்த்திருக்கிறாய். காற்றடித்தால் அது தூக்கிக்கொண்டு நிற்கும், அதைப் பார்த்துத்தான் காற்றுக்கு எதிராக இறங்குவார்கள். பழைய பை வெயிலில் நைந்து கிழிந்துபோனது. புதிது கேட்டு நான்கு மாதம் எழுதிப்போட்டும் ஆபீஸில் யாரும் அசைந்து கொடுக்கவில்லை. வீட்டில் தையல்காரியை வைத்துக்கொண்டு கண்டவனிடம் எதற்குக் கெஞ்ச வேண்டும் என்று அப்பா பழசைக் கொண்டுவந்து போட்டு, இதேபோல் ஒன்று தை என்றார். என்னைத்தான் உனக்குத் தெரியுமே, ஜன்னல் திரை ஆனாலும் லைனிங் இல்லாமல் என் கையைவிட்டுப் போகாது. அளவு பிசகாமல் வெட்டி, உள்ளே கெட்டித் துணி வைத்து, ஓரமெல்லாம் இரட்டைத் தையல் போட்டேன். பத்து வருஷம் தாங்கும் என்று பெருமை வேறு அடித்துக்கொண்டேன்.

புதன்கிழமை டாக்டரைப் பார்க்க ஆஸ்பத்திரிக்குப் போனேன். "என் தப்புதாம்மா, வேகமா வந்துட்டேன்" என்று சிரித்தார். விசாரணை முடிந்ததும் லைசென்ஸைப் பறித்துவிடுவார்களாம். "ஊர்ல எல்லார் பல்லையும் பிடுங்கினேன், இப்ப என்னோடதைப் பிடுங்குறாங்க" என்றார், ஆனால் கண் கலங்கிவிட்டது. அந்த மனுஷனுக்கு அந்த ஞாயிற்றுக்கிழமையை விட்டால் வேறு என்ன இருக்கிறது? அப்புறம் பேச்சோடு பேச்சாக, "பை சும்மா தொங்கிட்டிருந்துச்சு, காத்தே இல்லைன்னு நெனச்சேன். ஆனா பின்னாலேர்ந்து யாரோ தள்ளுற மாதிரியே இருந்துச்சு" என்றார். காற்று இருந்தும் என் லைனிங் கனத்தில் பை எழும்பாமல் போயிருக்குமோ என்று அப்போதே தோன்றிவிட்டது.

வந்து அப்பாவிடம் கேட்டேன். அன்றைக்குக் காற்றே கிடையாது என்று சாதிக்கிறார். அப்படியானால் ஞாயிறன்றே பையைக் கழற்றிச் சுருட்டி எதற்கு வீட்டுக்குக் கொண்டுவந்தீர்கள் என்றேன். திங்கட்கிழமை விசாரணை அதிகாரி வந்து பையைக் கேட்பாராம். "அதுக்குள்ள லைனிங்கைப் பிரிச்சிடு, பிரிச்ச தடம் தெரியக் கூடாது" என்கிறார். ஓய்வு பெற இன்னும் பதினான்கு மாதம், வேலை போய்விடுமோ என்று பயம். திட்டவும் வாய் வரவில்லை, உயிரைப் பணயம் வைத்து ஓடி டாக்டரை இழுத்துப் போட்டவரும் இதே ஆள்தானே. எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. மாடியில் துணி எடுக்கும்போது போர்வை முகத்தில் வந்து அறைந்தது நன்றாக நினைவிருக்கிறது, அது ஞாயிறா சனியா என்றுதான் நினைவில்லை. பையைக் கொடியில் கட்டிப் பக்கத்தில் தலையணை உறை ஒன்றையும் போட்டுப் பார்த்தேன். உறை படபடவென்று ஆடுகிறது, பை அசையாமல் தொங்குகிறது. சரி, என் குற்றம்தான் என்று அழுதுகொண்டே கழற்றப் போனால், அதுவும் ஜம்மென்று எழுந்து நிற்கிறது. டாக்டர் வேகமாக வந்ததும் நிஜம், என் லைனிங்கும் நிஜம். எது அவரைத் தள்ளியது என்று யாரிடம் கேட்பேன்?

நேற்று பிளேடை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஒரு சாண் பிரித்தேன், அதற்கு மேல் கை ஓடவில்லை. பிரித்ததைத் திரும்பத் தைத்துவிட்டேன். திங்கட்கிழமை நானும் போகிறேன். பையை என் கையாலேயே கொடுத்து, உள்ளே லைனிங் இருக்கிறது, வைத்தது நான் என்று சொல்லிவிடுவேன், மற்றதை அவர்கள் கண்டுபிடிக்கட்டும். அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை. நல்லது செய்கிறேனா, இருக்கிற சோற்றில் மண்ணைப் போடுகிறேனா, தெரியவில்லை. இது உன் கைக்கு வரும்போது எல்லாம் முடிந்திருக்கும். அப்பா போன் செய்தால் கோபித்துக்கொள்ளாதே, அவர் மனசு கெட்ட மனசு இல்லை.

நீ நோய்நொடி இல்லாமல், யார் முன்னாலும் தலைகுனியாமல் நன்றாக இருக்க வேண்டும் கண்ணு. ஒன்று சொல்ல மறந்தேன். நீ கிளம்பும்போது தைத்துக் கொடுத்த கோட்டைப் போட்டால் கையைத் தூக்க முடியவில்லை, கனக்கிறது என்று இரண்டு தடவை சொன்னாய். போடப் போடப் பழகிவிடும் என்று உன் வாயை அடைத்துவிட்டேன். அதன் லைனிங்கைப் பிரித்துவிடு, அம்மா ஒன்றும் நினைத்துக்கொள்ள மாட்டேன்.

இப்படிக்கு,
உன் அம்மா