தகர டம்ளரை முதலில் எடுத்தவனுக்கு

மாப்ளே,

இன்று காலை என் சுருட்டுக்கடை வாசலை ஒட்டி ஆவாரம்பட்டை ஏற்றிய மாட்டுவண்டி ஒன்று போனது. தோல் பதனிடும் ஷாப்புக்குப் போகிற பட்டை. அந்தத் துவர்ப்பு வாடை மூக்கில் ஏறியதும் உன் சட்டைதான் ஞாபகம் வந்தது. தோல் தரகுக்காரன் சட்டை வேறெப்படி மணக்கும்? அத்தரைப் பூசி மறைக்கப் பார்ப்பாய். இரண்டும் சேர்ந்து மூன்றாவதாக ஒரு வாடை கிளம்பும். நீ போய் வருஷம் ஒன்றாகப் போகிறது. போனவர்களைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை எழுத வேண்டும் என்பார்கள். எனக்கு அது கைவராது. உன்மேல் எனக்கு இன்னும் பொறாமை தீரவில்லை.

பேகம்பூர் போகிற வழியில் நாம் டீ குடித்த கடையில் அப்போதெல்லாம் நான்தான் ராஜா. புது மாப்பிள்ளை மாமியார் வீட்டில் சாப்பிடுவதை நடித்துக் காட்டுவேன். பெஞ்சு குலுங்கச் சிரிப்பார்கள். பந்தலுக்கு வெளியே, வெயிலில், தோல் ஷாப்பில் வேலை முடித்து வந்த கருப்பையாவும் அவன் ஆட்களும் நிற்பார்கள். அவர்களுக்குக் கண்ணாடிக் கிளாஸ் கிடையாது. பந்தல்காலில் ஆணியடித்து மாட்டிய தகர டம்ளரை அவர்களே எடுத்து, கழுவி, நீட்ட வேண்டும். டீக்கடைக்காரர் படாமல் உயரத்திலிருந்து ஊற்றுவார். தினமும் பார்த்தேன். வெயிலைப் பார்ப்பதுபோலத்தான் பார்த்தேன்.

ஒருநாள் கதை நல்ல கட்டத்தில் இருந்தது. மாப்பிள்ளை தொண்டையில் அதிரசம் சிக்கிய கட்டம். நீ எழுந்து போய் அந்த ஆணியிலிருந்து ஒரு தகர டம்ளரை எடுத்துக் கழுவி நீட்டினாய்.

"பாய், என்ன வெளையாட்டு இது? கிளாஸு உள்ள இருக்குல்ல?" என்றார் டீக்கடைக்காரர்.

"வெளையாட்டு இல்லண்ணே. கருப்பையா கைபட்ட தோலைத்தான நான் விக்கிறேன்? அதுல தைச்ச செருப்பத்தான நீங்க போட்டிருக்கீங்க? ஊத்துங்க."

பெஞ்சு மொத்தமும் உன் பக்கம் திரும்பிவிட்டது. அதிரசம் சிக்கியவனைக் காப்பாற்ற ஒரு நாதி இல்லை. அன்றைக்கு ஊரெல்லாம் உன் பேச்சு. வீட்டில் சோறு போட்டுக்கொண்டே என் மனைவி, "மனுசன்னா அவருல்ல மனுசன்" என்றாள். அப்படியானால் தொட்டுக்கொள்ள வெஞ்சனத்துக்குக் கை நீட்டியபடி எதிரே உட்கார்ந்திருந்தது என்னவாம்? கேட்கத் துணிவு வரவில்லை.

பொறாமை தாங்காமல்தான் மறுநாள் நானும் ஆணியைத் தேடிப் போனேன். கருணை என்று யாராவது சொன்னால் நம்பாதே. என்னைப் பார்த்துப் பூட்டுக்கடைக்காரர், அவரைப் பார்த்து வாத்தியார் ஒருவர் என்று ஆள் சேர்ந்து, உள்ளே கிளாஸ் எல்லாம் காய்ந்து கிடக்க, வெளியே ஆணிகள் காலி. நாம் பெருமையாக நின்று உறிஞ்சிக்கொண்டிருந்தோம். கருப்பையா வந்தான். ஆணிகளைப் பார்த்தான். நம்மைப் பார்த்தான்.

"நல்லாருக்கு சாமி. எங்களுக்குன்னு இருந்தது இந்தத் தகரம் ஒண்ணுதான். அதயும் நீங்களே எடுத்துக்கிட்டா நாங்க கையில வாங்கியா குடிக்கிறது?"

நமக்கு முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. டீக்கடைக்காரருக்கோ கோபம் தலைக்கேறியது. "இவனுகளாலதான இம்புட்டு வம்பு! நாளையிலருந்து தோல் ஷாப்பு ஆளுகளுக்கு டீயே கிடையாது. போங்கப்பா!"

கருப்பையா முகம் சுண்டிப்போனது. விடியலிலிருந்து சுண்ணாம்புத் தொட்டியில் நின்றுவிட்டு வருகிறவன். அந்த டீதான் அவனுக்குப் பகல் சாப்பாடு. நான் வாயைத் திறந்தேன். எனக்கும் வேண்டாம் என்று சொல்லத்தான், சத்தியமாகச் சொல்லத்தான். நீ முந்திக்கொண்டாய்.

"அப்ப எனக்கும் கிடையாதுண்ணே."

டம்ளரைக் கழுவி மாட்டிவிட்டு நடந்தாய். அதையே இரண்டாவது ஆளாகச் சொல்வதைவிடக் கேவலம் உண்டா? சொன்னேன். பிறகு மற்றவர்களும் சொன்னார்கள். பெஞ்சு காலியானது. சில நாள் கழித்து டீக்கடைக்காரர் என் கடைக்கே வந்து நின்றார். "வாங்கப்பா, பால் திரிஞ்சு வீணாப்போகுது. எல்லாருக்கும் கிளாஸுதான், போதுமா?"

போனோம். கருப்பையா கையில் கண்ணாடிக் கிளாஸ். ஆனால் அதன் அடியில் அடையாளத்துக்குச் சிவப்புப் பெயிண்டில் ஒரு பொட்டு வைத்திருந்தார் மனுஷன். நீ பொட்டு வைத்த கிளாஸையே கேட்டு வாங்கினாய். அதிலும் நான் இரண்டாவது. சாம்பல் போட்டுத் தேய்த்துத் தேய்த்து அந்தப் பெயிண்ட் போவதற்குள் கருப்பையா தலை நரைத்துவிட்டது.

உன்னை அடக்கம் செய்ய வந்த கூட்டத்தைப் பார்த்து, நான் போனால் இதில் பாதி வருமா என்று கணக்குப் போட்டேன். வராது.

போன வாரம் கருப்பையா தெருக்காரர்கள் தண்ணீர்க் குழாய் கேட்டு நகராட்சி ஆபீஸ் வாசலில் உட்கார்ந்தார்கள். குழாய் அவர்கள் தெருமுனையோடு நின்றுவிட்டது. கடையை அடைத்துவிட்டு நானும் போனேன். வேற்றுத் தெருவிலிருந்து வந்த முதல் ஆள் நான்தான். முன்னால் நீ இருக்கிறாயா என்று பழக்கதோஷத்தில் பார்த்தேன். முதல் இடம் கிடைத்தும் ருசிக்கவில்லை, மாப்ளே. எட்டிப் பிடிக்க ஆள் இல்லாத இடத்தில் எனக்கு என்ன வேலை, பேசாமல் எழுந்து வீட்டுக்குப் போய்விடலாமா என்றுகூடத் தோன்றியது.

அப்போது அந்தப் பக்கம் வந்த ஜவுளிக்கடைக்காரர் சைக்கிளிலிருந்து ஒரு காலை ஊன்றி என்னை முறைத்தார். 'இவனெல்லாம் வந்து உட்கார்ந்திருக்கிறானே' என்கிற முகம். உன் பக்கத்தில் நின்ற காலமெல்லாம் நான் வைத்திருந்த அதே முகம்.

மறுநாள் நான் போவதற்குள் என் இடத்தில் அவர் உட்கார்ந்திருந்தார்.

"செத்த தள்ளி உக்காருங்க" என்றேன்.

"அதெல்லாம் முடியாது. மொதல்ல வந்தது நானு."

அவருக்கு அடுத்து உட்கார்ந்துகொண்டேன். எனக்கு எரிச்சலாக இருந்தது, நிம்மதியாகவும் இருந்தது.